நாயின் நடையும் முதுகெலும்பின் நலமும்

கிராம முன்னேற்றத்தைப் பற்றி எழுதப்படும் ஏடுகளில் பசுவுக்கும் எருதுக்கும் ஆட்டுக்கும் கோழிக்கும் தவறாமல் இடம் கிடைக்கிறது. நாய்க்கு இடம் கிடைப்பது அபூர்வம். இரவெல்லாம் களத்தையும் தோப்பையும் பம்புசெட் கொட்டகையையும் காத்துவரும் இந்தப் பிராணியைப் பற்றி நாம் பேசும் பொழுதும், அது கடித்துவிட்டது என்றோ, அதற்கு வெறி பிடித்துவிட்டது என்றோ புகார் வந்த பிறகுதான் பேசுகிறோம். அதன் உடல்நலம் எவ்வாறு கெடுகிறது, அதைக் காப்பதில் நமக்கு என்ன பங்கு உண்டு என்பதைச் சிந்திப்போர் சிலரே.

சென்ற ஆண்டு நமது ஒன்றியத்தைச் சேர்ந்த ஒரு கிராம சபைக் கூட்டத்தில் இவ்விஷயம் எதிர்பாராத விதமாக எழுந்தது. ஓர் உறுப்பினர் எழுந்து, "தென்னந்தோப்பில் இருக்கும் நாய்க்கு வெறி பிடித்திருக்கிறது. பின்னங்கால் இரண்டும் விழுந்துவிட்டன. தொட்டால் கடிக்க வருகிறது. குழந்தைகள் நடமாடும் வழி அது. இன்றே அதைத் தீர்த்துவிட உத்தரவு கொடுக்க வேண்டும்" என்றார். நாயின் சொந்தக்காரரான முதியவர் கூட்டத்தின் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தார். "ஐயா, அது வெறி அல்ல. முந்தாநாள் காலையில் தோப்புத் திண்ணையிலிருந்து குதித்தது; கத்திற்று; அதன்பின் எழுந்திருக்கவில்லை. இடுப்பில் சூடு போட்டும் பார்த்தேன்" என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். அது நகரத்திலிருந்து அவருடைய மகன் வாங்கி வந்து கொடுத்த, நீண்ட உடலும் குட்டைக் கால்களும் கொண்ட டாஷ்ஹண்ட் நாய். வயது ஐந்து. கால்நடை உதவி மருத்துவர் வந்து பார்க்கும் வரையில் யாரும் நாயைத் தொட வேண்டாம், அடிக்கவும் வேண்டாம் என்று கூறி அன்றைய விவாதத்தை முடித்தோம்.

மருத்துவர் கண்டது வெறிநோய் அன்று. முதுகெலும்பு வட்டு நோய். அந்த நோய் என்ன, நாய் நடக்கும் நடைக்கும் அதற்கும் என்ன தொடர்பு, வந்தபின் செய்ய வேண்டியதும் செய்யக் கூடாததும் எவை என்பவற்றை நமது பஞ்சாயத்து உறுப்பினர்களும் விவசாயப் பெருமக்களும் அறிந்திருப்பது நலம் என்று கருதி இதை எழுதுகிறோம்.

முதுகெலும்பின் அமைப்பு

நாயின் முதுகெலும்பு ஒரே எலும்பு அன்று. கழுத்தில் 7, மார்புப் பகுதியில் 13, இடுப்பில் 7 என முள்ளெலும்புகள் வரிசையாக அமைந்துள்ளன. அவற்றை அடுத்து ஒன்றாக இணைந்த 3 எலும்புகளும், பின்னர் வால் எலும்புகளும் உண்டு. இந்த எலும்புகளின் உள்ளே செல்லும் குழாய் போன்ற வழியில் தண்டுவடம் என்னும் நரம்புத் திரள் மூளையிலிருந்து பின்நோக்கிச் செல்கிறது. கால்களை அசைப்பது, வலியை உணர்வது, சிறுநீரையும் மலத்தையும் அடக்குவது ஆகிய அனைத்தும் இதன் வழியே நடைபெறுகின்றன.

ஒரு முள்ளெலும்புக்கும் அடுத்த முள்ளெலும்புக்கும் இடையே மெத்தை போன்ற ஒரு வட்டு உள்ளது. இதனையே டிஸ்க் என்று வைத்தியர்கள் சொல்லுகிறார்கள். இளநுங்கை நினைத்துக்கொண்டால் இதன் அமைப்பு எளிதில் விளங்கும். வெளியே நார் நாரான உறுதியான வளையம். உள்ளே நீர் நிறைந்த குழைவான சதை. குதிக்கும் பொழுதும் ஓடும் பொழுதும் எலும்பின்மீது விழும் அதிர்ச்சியை இந்தக் குழைவான பகுதி வாங்கிக்கொண்டு எல்லாப் பக்கமும் சமமாகப் பரப்பிவிடுகிறது. வெளி வளையம் எல்லாப் பக்கமும் ஒரே கனம் உடையது அன்று. தண்டுவடத்தை நோக்கிய மேற்பக்கத்தில் அது மெல்லியதாக இருக்கிறது. ஆகவே வட்டு உடையும் பொழுது பெரும்பாலும் தண்டுவடத்தின் பக்கமாகவே உடைகிறது.

குட்டைக்கால் நாய்களுக்கு வரும் கேடு

எல்லா நாய்களுக்கும் வயது ஏற ஏற வட்டுகள் தேய்கின்றன. ஆனால் குட்டைக் கால்களுடைய சில இனங்களில் இத்தேய்வு மிக இளமையிலேயே தொடங்கிவிடுகிறது. அவற்றில் முதன்மையானது டாஷ்ஹண்ட். இது ஜெர்மனி நாட்டு இனம். நிலத்தடியில் வளை தோண்டி வாழும் 'டாக்ஸ்' என்னும் விலங்கை வளைக்குள்ளேயே நுழைந்து வேட்டையாடுவதற்காக வளர்க்கப்பட்டது. வளைக்குள் நுழையக் குட்டைக் கால் வேண்டும். ஆகவே குட்டைக் கால் உள்ளவற்றையே தேர்ந்தெடுத்துத் தலைமுறை தலைமுறையாக இனம் பெருக்கினார்கள். பெக்கினீஸ், பீகிள், பிரெஞ்சு புல்டாக், ஷிட்சு முதலிய இனங்களும் இந்நோய்க்கு இலக்காகின்றன.

1952-ஆம் ஆண்டில் ஸ்வீடன் நாட்டைச் சேர்ந்த ஹான்சன் என்னும் ஆராய்ச்சியாளர் நாய்களின் வட்டு நோயை இருவகையாகப் பிரித்துக் காட்டினார். முதல் வகையில், வட்டின் உள்ளிருக்கும் குழைவான சதை நாயின் முதல் வயதிலேயே நீர் வற்றிச் சுண்ணம் படிந்து இறுகிவிடுகிறது. பின்னர் ஒரு நாள் வளையத்தைக் கிழித்துக்கொண்டு திடீரெனத் தண்டுவடத்தின்மீது பாய்கிறது. குட்டைக்கால் இனங்களில் காணப்படுவது இதுவே. இரண்டாம் வகையில், வயது முதிர்ந்த பெரிய நாய்களில் வளையம் சிறிது சிறிதாகப் புடைத்துத் தண்டுவடத்தை மெல்ல அழுத்துகிறது.

குட்டைக் காலுக்கும் வட்டு நோய்க்கும் உள்ள உறவை அண்மைக் கால ஆராய்ச்சிகள் மேலும் தெளிவாக்கியுள்ளன. நாயின் உடலில் எலும்பு வளர்ச்சியை ஆளும் ஒரு ஜீன் தவறுதலாக இரட்டித்து வேறோர் இடத்தில் அமர்ந்துகொண்டதே குட்டைக் காலுக்குக் காரணம் என்பது 2009-இல் கண்டுபிடிக்கப்பட்டது. அதே ஜீனின் மற்றொரு பிரதி இன்னோரிடத்தில் அமர்ந்திருப்பதும், அதுவே வட்டு நோயுடன் நெருங்கிய தொடர்பு உடையது என்பதும் 2017-இல் வெளியாயின. எனவே இந்நோயின் வேர் பிறப்பிலேயே உள்ளது என்பதை நாம் முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். டாஷ்ஹண்ட் நாய்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று தன் வாழ்நாளில் இந்நோயின் குறிகளைக் காட்டுகிறது. நோய் மிகுதியாகத் தலைகாட்டுவது 3 வயது முதல் 7 வயது வரையில். மார்புப் பகுதி முடிந்து இடுப்புப் பகுதி தொடங்கும் இடத்தில்.

வேர் பிறப்பில் உள்ளதென்றால் வளர்ப்பவர் செய்யக் கூடியது ஒன்றும் இல்லையா? ஐந்தில் ஒரு நாய்க்கு நோய் வருகிறது என்றால், மற்ற நான்குக்கும் அது வெளிப்படவில்லை என்பதே பொருள். ஒரே விதமான பிறப்புடைய நாய்களில் சிலவற்றுக்கு வந்து சிலவற்றுக்கு வராமற் போவதற்கு வாழ்க்கைப் பழக்கமும் ஒரு காரணமாகலாம் அல்லவா? இக்கேள்வியே ஆராய்ச்சியாளரை நாயின் நடைப் பழக்கத்தின் பக்கம் திருப்பியது.

நடையைப் பற்றிய ஆராய்ச்சி

"முதுகு நீண்ட நாயை அதிகம் நடத்தாதே, இடுப்பு தேய்ந்துவிடும்" என்பது நெடுங்காலமாக வழங்கிவந்த அறிவுரை. கேட்பதற்கு நியாயமாகவே தோன்றுகிறது. ஆனால் கணக்கெடுத்துப் பார்த்தபொழுது கிடைத்த விடை வேறாக இருந்தது.

இங்கிலாந்தில் 2015-ஆம் ஆண்டில் டாஷ்ஹண்ட் வளர்ப்போரிடையே ஒரு விரிவான விசாரணை நடத்தப்பட்டது. நாயின் வயது, எடை, அது நாள்தோறும் நடக்கும் நேரம், நாற்காலிகளில் ஏறி இறங்குகிறதா, வீட்டில் எவ்வளவு சுறுசுறுப்பாக இருக்கிறது என்றெல்லாம் கேட்கப்பட்டது. 2,000-க்கு மேற்பட்ட நாய்களைப் பற்றிய விவரங்கள் சேர்ந்தன. லண்டனிலுள்ள ராயல் வெட்டினரி கல்லூரியின் ஆராய்ச்சியாளர்கள் அவற்றை ஆராய்ந்து 2016-இல் வெளியிட்டார்கள். அவற்றுள் நூற்றுக்கு ஏறத்தாழ 16 நாய்களுக்கு வட்டு நோய் கண்டிருந்தது. நாள் ஒன்றுக்கு 30 நிமிஷத்திற்கும் குறைவாக நடத்தப்பட்ட நாய்களிடையே நோய் மிகுந்தும், ஒரு மணி நேரத்திற்கு மேல் நடத்தப்பட்ட நாய்களிடையே குறைந்தும் காணப்பட்டது. சுறுசுறுப்பானவை என்று வளர்ப்போர் கூறிய நாய்களுக்கு நோய் குறைவு. நாற்காலியில் ஏறி இறங்க விடப்பட்ட நாய்களிடையேயும் குறைவாகவே காணப்பட்டது.

இதற்கு முன்பே, டென்மார்க் நாட்டில் இளம் டாஷ்ஹண்ட் நாய்களை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த ஓர் ஆராய்ச்சி 2000-இல் வெளியாகியிருந்தது. மிதமான அளவில் படியேறி இறங்கிப் பழகிய நாய்களின் வட்டுகளில் சுண்ணம் படிதல் குறைவாக இருந்தது என்று அது கூறியது.

இவற்றிலிருந்து நாம் அவசரமான முடிவுக்கு வந்துவிடக் கூடாது. விவசாயிகளுக்கு இதை விளக்குவது எளிது. ஊரில் மாட்டுவண்டி வைத்திருப்பவர் வீட்டில் நெல் மிகுதியாக இருக்கக் கண்டால், வண்டியால் நெல் விளைந்தது என்று கூறலாமா? நெல் மிகுதியாக விளைந்ததால் வண்டி வாங்கியிருக்கலாம் அல்லவா? அதுபோல, முதுகு வலி கண்ட நாயை அதன் சொந்தக்காரர் அஞ்சிக் குறைவாக நடத்தியிருக்கலாம். நாற்காலியில் ஏறவிடாமல் தடுத்திருக்கலாம். அப்படியானால் நடை குறைந்ததால் நோய் வந்தது அன்று. நோய் வந்ததால் நடை குறைந்தது என்று ஆகும். ஒரே முறை விசாரித்து எடுக்கும் கணக்கு இவ்விரண்டையும் பிரித்துக் காட்டாது. ஆகவே நடை நோயைத் தடுக்கும் என்று அறுதியிட்டுக் கூற இயலாது; ஆரோக்கியமான நாயை ஒழுங்காக நடத்துவதால் முதுகு கெடும் என்ற அச்சத்துக்கு இக்கணக்குகளில் ஆதாரம் இல்லை என்று மட்டும் துணிந்து கூறலாம். நாற்காலியிலிருந்து குதிப்பதைப் பற்றிய முடிவையும் இதே எச்சரிக்கையுடன் கொள்ள வேண்டும். அதை நம்பி உயரமான இடங்களிலிருந்து குதிக்க விடுவது விவேகம் ஆகாது.

நடை எவ்வாறு உதவக்கூடும்?

மூன்று வழிகளைக் கூறலாம். முதலாவது, வட்டின் உணவு. வட்டின் உட்பகுதிக்கு இரத்தக் குழாய் கிடையாது. பக்கத்து எலும்புகளிலிருந்து கசிந்து வரும் நீரும் சத்துமே அதற்கு ஆகாரம். ஈரப் பஞ்சை அழுத்தினால் நீர் வெளியேறுவதும், விட்டால் மீண்டும் உறிஞ்சிக்கொள்வதும் போல, நடக்கும் பொழுது ஏற்படும் மெல்லிய அழுத்தமும் தளர்வும் இந்தப் போக்குவரத்துக்குத் துணை செய்கின்றன என்று கருதப்படுகிறது.

இரண்டாவது, தசைகளின் வலிமை. கூடாரத்தின் கம்பம் நிமிர்ந்து நிற்பது நாலுபுறமும் இழுத்துக் கட்டிய கயிறுகளால். முதுகெலும்புக்கு அக்கயிறுகள் முதுகுத் தசைகளும் வயிற்றுத் தசைகளுமே. நாள் முழுவதும் கட்டிக்கிடக்கும் நாய்க்கு இவை தளர்ந்துபோகின்றன.

மூன்றாவது, உடல் எடை. 2013-இல் இங்கிலாந்தில் வெளியான மற்றோர் ஆராய்ச்சி, உயரத்தை நோக்க முதுகு நீளமாக உள்ள நாய்களுக்கும், கொழுப்பு மிகுந்த நாய்களுக்கும் இந்நோய் மிகுதி என்று காட்டியது. முதுகின் நீளத்தை நாம் மாற்ற இயலாது. கொழுப்பைக் குறைக்க இயலும்.

நமது கிராமங்களில் செய்ய வேண்டுவது

நமது தோட்டங்களில் வளரும் நாய்களுக்கு இருவிதமான வாழ்க்கையைக் காண்கிறோம். தெருவிலும் வயலிலும் திரியும் நாட்டு நாய் நாள்தோறும் பல மைல் நடந்துவிடுகிறது. பணம் கொடுத்து வாங்கிய சாதி நாயோ, ஓடிவிடும் என்ற அச்சத்தால் காலை முதல் மாலை வரை மூன்று முழச் சங்கிலியில் கிடக்கிறது. இரவில் அவிழ்த்துவிட்டதும், பகலெல்லாம் அசையாதிருந்த உடலோடு திடீரெனப் பாய்ந்து ஓடுகிறது, திண்ணையிலிருந்து குதிக்கிறது, தொட்டியைத் தாண்டுகிறது. குட்டைக்கால் நாய்க்கு இவ்வாழ்க்கை பொருந்துவது அன்று.

ஆரோக்கியமான வளர்ந்த நாயைக் காலையிலும் மாலையிலும், இரண்டும் சேர்த்து ஏறக்குறைய ஒரு மணி நேரம் நடத்துவது நல்ல பழக்கம். இதுவரை நடந்து பழகாத நாயாயின் பத்து நிமிஷத்தில் தொடங்கி, வாரத்துக்கு வாரம் சிறிது சிறிதாகக் கூட்ட வேண்டும். ஆறு நாள் கட்டிவைத்து ஏழாம் நாள் ஊரெல்லாம் ஓடவிடுவதைவிட, நாள்தோறும் ஒரே அளவில் நடத்துவது சிறந்தது. வயலுக்கு நீர் பாய்ச்சச் செல்லும் பொழுது உடன் அழைத்துச் சென்றாலே போதும். தனியாக நேரம் ஒதுக்க வேண்டியதில்லை. குட்டிகளை வற்புறுத்தி நெடுந்தூரம் நடத்தலாகாது. அவை தம் விருப்பப்படி ஓடி விளையாடி ஓய்வதே போதுமானது.

கோடையில் வெயில் ஏறுவதற்கு முன்பும் சாய்ந்த பின்பும் மட்டுமே நடத்த வேண்டும். தார்ச்சாலையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்து, நமக்குச் சுட்டால் அதற்கும் சுடும் என்று அறிய வேண்டும். தரையை ஒட்டிச் செல்லும் வயிறுடைய குட்டைக்கால் நாய்க்குத் தரையின் சூடு விரைவில் ஏறுகிறது. நடந்து திரும்பியதும் நீர் வைத்து, காதுகளிலும் கால்விரல் இடுக்குகளிலும் உண்ணி பற்றியுள்ளதா என்று பார்ப்பது நலம்.

ஸ்கூட்டரின் கால் வைக்கும் பலகையில் நாயை நிறுத்தி அழைத்துச் செல்லும் வழக்கம் இப்பொழுது பெருகியிருக்கிறது. வண்டி நிற்பதற்குள் அது குதித்துவிடுகிறது. இதைத் தவிர்க்க வேண்டும். உயரமான திண்ணைக்கு ஒரு சாய்பலகை வைத்துவிட்டால் செலவும் இல்லை, குதிக்கும் தேவையும் இல்லை. நாயைத் தூக்கும் பொழுது முன்னங்கால்களைப் பிடித்துத் தொங்கவிடாமல், ஒரு கையை மார்பின் கீழும் மற்றொரு கையைப் பின்புறத்தின் கீழும் கொடுத்து, முதுகு தரைக்கு இணையாக இருக்கும்படி தூக்க வேண்டும்.

உணவைப் பற்றியும் ஒரு வார்த்தை. மிஞ்சிய சோற்றையும் எண்ணெய்ப் பலகாரத்தையும் பிஸ்கட்டையும் அன்பின் மிகுதியால் அள்ளிப் போடுகிறோம். விலாவைத் தடவிப் பார்த்தால் எலும்புகள் விரலுக்குத் தட்டுப்பட வேண்டும்; மேலிருந்து பார்த்தால் இடை சற்றே ஒடுங்கித் தெரிய வேண்டும். இவ்விரண்டும் இல்லையேல் நாய் பருத்துவிட்டது என்று கொள்ளலாம்.

நோயின் குறிகள்

தொடக்கத்தில் நாய் முதுகை வளைத்துக்கொண்டு நிற்கும், தூக்கினால் கத்தும், திண்ணை ஏறத் தயங்கும். கழுத்தில் நோயாயின் தலையைக் குனியவோ திருப்பவோ மறுக்கும். அடுத்த நிலையில் பின்னங்கால்கள் பின்னிக்கொண்டு தள்ளாடும். பாதத்தின் மேற்புறம் தரையில் உரசும். அதற்கும் அடுத்த நிலையில் எழுந்து நிற்க இயலாது. பின்னர் கால்களை அசைக்கவே இயலாது. சிறுநீர் வெளியேறாமல் தேங்கிவிடும். மிக முற்றிய நிலையில் விரலை அழுத்தி நசுக்கினாலும் வலியை உணராது. இந்நிலைகளுள் ஒன்றிலிருந்து அடுத்ததற்குச் செல்லச் சில வாரங்களும் ஆகலாம். சில மணி நேரமே ஆவதும் உண்டு.

இங்கே வெறிநோயைப் பற்றிக் கூறாமல் விடுவது தவறாகும். வெறிநோயிலும் ஒருவகையில் கால்கள் விழுந்துவிடுகின்றன. தாடை தொங்குதல், எச்சில் ஒழுகுதல், விழுங்க இயலாமை, குரல் மாற்றம், நடத்தையில் மாறுதல் ஆகியவை அதன் குறிகள். நாளுக்கு நாள் அவை முற்றும். வட்டு நோயில் தாடையும் தொண்டையும் கெடுவதில்லை, நாய் தன்னை வளர்ப்பவரை அறிந்துகொள்ளும், உணவும் கொள்ளும். வலியினால் கடிக்க வரலாம். ஆயினும் பாமரர் கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகத் தோன்றக் கூடுமாதலால், தடுப்பூசி போடப்படாத நாய்க்குத் திடீரெனக் கால் விழுந்தால் அதன் வாயில் கை வைக்கலாகாது. குழந்தைகளை விலக்கி, நாயைத் தனியிடத்தில் வைத்துக் கால்நடை மருத்துவருக்குத் தெரிவிக்க வேண்டும். எவரையாவது கடித்திருந்தால் காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிஷம் கழுவி, தாமதமின்றி ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் செல்ல வேண்டும். சந்தேகத்தின் பேரில் நாயை அடித்துக் கொல்ல எவருக்கும் உரிமை இல்லை என்பதையும் உறுப்பினர்கள் நினைவில் வைக்க வேண்டும். வெறிநோய் கண்டதாகக் கருதப்படும் தெருநாயையும் தனிமைப்படுத்திப் பார்வையில் வைக்க வேண்டும் என்பதே 2023-ஆம் ஆண்டு விதிகளின் கருத்து.

நோய் வந்தபின் நடை கூடாது

இக்கட்டுரையில் நடையைப் புகழ்ந்தோம். ஆனால் நோயின் குறி கண்ட அன்றே நடையை முற்றிலும் நிறுத்திவிட வேண்டும். இதில் தவறுவோர் பலர். "நடந்தால் சரியாகிவிடும்" என்று துண்டால் இடுப்பைத் தூக்கி வலுவில் நடத்துகிறார்கள். கிழிந்த வளையத்தின் வழியே மேலும் சதை வெளியேறித் தண்டுவடத்தை நசுக்குவதற்கு இது வழி செய்கிறது. வரப்பு உறுதியாக இருக்கும் பொழுது அதன்மேல் நடக்க நடக்க அது இறுகும். உடைந்த வரப்பின்மேல் நடந்தால் உடைப்பு பெரிதாகும்.

அறுவை இல்லாமல் குணப்படுத்த முயலும் நாயை, எழுந்து திரும்பிப் படுக்க மட்டும் இடமுள்ள கூண்டிலோ அடைப்பிலோ குறைந்தது 4 வாரம் வைத்திருக்க வேண்டும் என்பது இன்றைய வைத்திய நிபுணர்களின் கருத்து. சிறுநீர், மலம் கழிப்பதற்கு மட்டும் வெளியே எடுக்கலாம். இரண்டொரு நாளில் வலி தணிந்து நாய் குதிக்கத் தொடங்கும். அப்பொழுது இரக்கப்பட்டு அவிழ்த்துவிடுவதால் நோய் திரும்புகிறது. 4 வாரமும் முடிந்தபின், மருத்துவர் சொல்லும் அளவில், சில நிமிஷ நடையிலிருந்து தொடங்க வேண்டும்.

சூடு போடுதல், தைலம் தடவி முதுகை அழுத்தி நீவுதல், கால்களைப் பிடித்து இழுத்தல் ஆகியவை தீமையே செய்யும். மனிதருக்கான வலி மாத்திரைகளைக் கொடுப்பது அதனினும் கொடிது. இபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக் போன்றவை நாயின் வயிற்றில் புண்ணை உண்டாக்கிச் சிறுநீரகத்தைக் கெடுத்து உயிருக்கே உலை வைக்கும். எந்த மருந்தையும் கால்நடை மருத்துவர் சொன்னபடியே கொடுக்க வேண்டும். முன்பு வேறு மருந்து ஏதேனும் கொடுத்திருந்தால் அவரிடம் மறைக்கலாகாது.

நடக்க இயலாத நிலை வந்துவிட்டால் அறுவை சிகிச்சையே சிறந்தது. விரலில் வலி உணரும் நிலையில் அறுவை செய்யப்பட்ட நாய்களுள் பத்தில் ஒன்பது மீண்டும் நடக்கின்றன. அவ்வுணர்வும் போய்விட்டால் ஏறத்தாழ பாதியே நடக்கின்றன. ஒரு நாள் தாமதம் எவ்வளவு பெரிய இழப்பாகக் கூடும் என்பதை இந்தக் கணக்கே கூறும். இச்சிகிச்சை எல்லா ஊரிலும் கிடைப்பது அன்று, செலவும் சிறிதன்று. கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனைக்கு எடுத்துச் செல்வதா என்பதை உள்ளூர் மருத்துவரின் யோசனைப்படி முடிவு செய்யலாம். எடுத்துச் செல்லும் பொழுது ஒரு பலகையின்மேல் கிடத்தி, அசையாதவாறு துணியால் கட்டிக் கொண்டுசெல்ல வேண்டும்.

வாங்குவதற்கு முன் ஒரு யோசனை

டென்மார்க், நார்வே, பின்லாந்து ஆகிய நாடுகளில், டாஷ்ஹண்ட் நாய்களின் முதுகை இரண்டு வயதுக்கும் நான்கு வயதுக்கும் இடையே எக்ஸ்ரே எடுத்து, சுண்ணம் படிந்த வட்டுகளை எண்ணி, குறைவாக உள்ளவற்றையே இனப்பெருக்கத்துக்குத் தேர்ந்தெடுக்கும் முறை இருக்கிறது. நம் நாட்டில் குட்டி வாங்குவோர் குறைந்தபட்சம் தாய் தந்தை நாய்களுக்கு முதுகு நோய் வந்ததுண்டா என்றேனும் விசாரிக்க வேண்டும். முதுகு மிக நீண்டும் கால் மிகக் குறுகியும் உள்ளதே உயர்ந்த சாதி என்னும் எண்ணத்தை விட்டுவிட வேண்டும். தோட்டக் காவலுக்கென்றே நாய் தேடுவோர்க்கு நம் ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை இனங்கள் இருக்கின்றன. இவற்றின் நீண்ட கால்களில் அந்தக் குட்டைக்கால் இனங்களின் கேடு இல்லை. ஆனால் ஓடுவதற்கென்றே பிறந்த இவற்றைச் சங்கிலியில் கட்டிவைப்பதும் கொடுமையே.

பஞ்சாயத்துகளின் பங்கு

கால்நடை முகாம்கள் நடைபெறும் பொழுது பசுவுக்கும் ஆட்டுக்கும் செய்வதோடு நாய்க்கும் வெறிநோய்த் தடுப்பூசி போட ஏற்பாடு செய்யலாம். ஊரில் உள்ள நாய்களுக்குத் தடுப்பூசி ஒழுங்காகப் போடப்பட்டிருந்தால், கால் விழுந்த நாயைக் கண்டு ஊர் அஞ்ச வேண்டியதில்லை. உடனே தூக்கி வைத்தியம் பார்க்கலாம். முகாமில் மருத்துவரைக் கொண்டு நாயின் நடை, உணவு, முதுகு நோயின் முதற்குறி ஆகியவற்றைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசச் செய்யலாம். பள்ளிப் பிள்ளைகளுக்கும் நாயைச் சரியாகத் தூக்கும் முறையைக் கற்பிக்கலாம். இவற்றுக்குத் தனி நிதி தேவையில்லை; மனம் இருந்தால் போதும்.

தென்னந்தோப்பு நாயின் கதையை முடிக்காமல் விட்டோம். மருத்துவர் வந்தபொழுது மூன்றாம் நாள் ஆகிவிட்டது. நல்ல வேளையாக, விரலை அழுத்தியபொழுது நாய் திரும்பிப் பார்த்து முனகிற்று. நகரத்துக்கு எடுத்துச் சென்று அறுவை செய்ய முதியவருக்கு வசதியில்லை. தேங்காய் அடுக்கும் பலகைகளைக் கொண்டு கொட்டகையின் மூலையில் ஓர் அடைப்புச் செய்து, மருந்தும் ஓய்வுமாக நாயைப் பார்த்துக்கொண்டார். மருத்துவர் காட்டியபடி அடிவயிற்றை மெல்ல அழுத்திச் சிறுநீரை வெளியேற்றினார். ஐந்தாம் வாரத்தில் அது எழுந்து நின்றது. இப்பொழுது நடக்கிறது, இடுப்பு சற்றே ஆடுகிறது. முதல் நாளே காட்டியிருந்தால் அந்த ஆட்டமும் இருந்திராது போலும்.

அண்மையில் அவ்வழியே சென்றபொழுது, அவர் வாய்க்கால் ஓரமாக நடக்க, நாய் சங்கிலி இல்லாமல் அவர் பின்னே சென்றுகொண்டிருந்தது. கூட்டத்தில் அதைத் தீர்த்துவிட வேண்டும் என்று கேட்ட உறுப்பினரே நம்மிடம் அதைச் சுட்டிக்காட்டினார். அவருடைய வீட்டு நாய்க்கு அந்த மாதமே தடுப்பூசி போட்டுவிட்டதாகவும் கூறினார்.